பெற்றோர் அருகிலிருக்க ஒரு கோப்பை மது: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

பதின்வயதுப் பிள்ளைகளோடு உணவகத்துக்குச் செல்லும்போது அவர்களுக்கும் கொஞ்சம் மது தரலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் பிள்ளையின் மீதுள்ள அக்கறையால்தான் கேட்கிறார்கள். ஆகவே யாரையும் குறை சொல்லும் நோக்கமில்லை. ஆனால் என் கருத்தை மழுப்பவும் விரும்பவில்லை.

கேள்வி: எங்கள் மகனுக்கு 16 வயதாகிறது. “எப்படியும் இன்னும் ஓரிரு ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து குடிக்கத்தான் போகிறான்; நம் கண்முன்னே அளவாகக் குடித்துப் பழகிக்கொள்ளட்டும்” என்கிறார் என் கணவர். வெளியே சாப்பிடப் போகும்போது அரைக் கோப்பை ஒயின் தரலாமா?

பதில்: தர வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கணவர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒளித்துக் குடிப்பதைவிட நமக்குத் தெரிந்து குடிப்பது மேல் என்ற எண்ணம் எந்தப் பெற்றோருக்கும் எழக்கூடியதுதான். ஆனால் இந்த நம்பிக்கையை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனையில் அது தேறவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் மேற்பார்வையில் குடித்த பிள்ளைகளிடமே பின்னாளில் மதுவால் விளையும் தொல்லைகள் அதிகமாகக் காணப்பட்டன. முதலாவது இடம் இந்த விஷயத்தில் சற்றுத் தளர்வானது, இரண்டாவது கண்டிப்பானது. ஆயினும் இரண்டிலும் முடிவு ஒரே திசையில்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவிலேயே 2010 முதல் 2016 வரை 1,927 பிள்ளைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வும், பெற்றோர் மது தருவது பிள்ளையைக் காக்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்றே சொன்னது. பெற்றோரிடமிருந்து பெற்ற பிள்ளைகள் அதன்பின் பிறரிடமிருந்தும் பெறுவது கூடியதையும் அது காட்டியது. இவையெல்லாம் உற்றுநோக்கும் ஆய்வுகளே. குடும்பச் சூழலும் பிள்ளையின் இயல்பும் முடிவுகளில் கலந்திருக்கக்கூடும். ஆனாலும், கண்முன்னே தந்தால் பாதுகாப்பு என்று நம்புவதற்கு இவற்றில் இடமில்லை.

ஏன் இப்படி என்பதை உணவக மேசையிலேயே பார்க்கலாம். புட்டியைச் சாய்ப்பது தந்தை. அரைக் கோப்பையில் நிறுத்துவதும் தந்தை. இரண்டாம் முறை ஊற்ற வந்த பரிமாறுபவரைக் கையசைத்துத் தடுப்பதும் அவரே. அந்த மேசையில் அளவு காத்தவர் அவர்தான். மகன் தனக்கு ஊற்றியதைக் குடித்தான், அவ்வளவே. அவனுக்கு உண்மையில் தேவைப்படும் திறமைகள் வேறு: நான்கு நண்பர்கள் வற்புறுத்தும்போது மறுப்பது, குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏற மறுப்பது, நள்ளிரவில் தயங்காமல் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பது. இவற்றில் ஒன்றையும் அந்த அரைக் கோப்பை கற்றுத் தருவதில்லை. அவன் அங்கே கற்றுக்கொள்வது, ‘அப்பா அம்மாவுக்கு இதில் ஆட்சேபம் இல்லை’ என்பதை மட்டுமே. அதை அவன் நண்பர்கள் கூடும் இடத்துக்கும் எடுத்துச் செல்வான். உங்கள் கணவரின் கை அங்கே இருக்காது.

கேள்வி: சில நாடுகளில் பெற்றோர் உடனிருந்தால் சட்டமே அனுமதிக்கிறதாமே? அப்படியானால் அதில் பெரிய தீங்கு இல்லை என்றுதானே பொருள்?

பதில்: அனுமதி இருப்பது உண்மை, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியல்ல. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் 16, 17 வயதுப் பிள்ளைகள், 18 வயது நிறைந்த ஒருவருடன் அமர்ந்து மேசையில் உணவு உண்ணும்போது பீர், ஒயின், சைடர் ஆகியவற்றை அருந்தலாம். ஆனால் வாங்குபவர் பெரியவராக இருக்க வேண்டும், விஸ்கி போன்ற கடும் மதுவகைகளுக்கு அனுமதி கிடையாது. ஜெர்மனியில் பீரையும் ஒயினையும் 16 வயதிலேயே வாங்கலாம். பெற்றோர் அருகிலிருந்தால் 14 வயதிலேயே அருந்தலாம். அமெரிக்காவில் பொதுவாக வயது வரம்பு 21 என்றாலும், விஸ்கான்சின், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பெற்றோர் உடனிருந்தால் விலக்கு உண்டு.

இந்தியாவின் நிலை முற்றிலும் வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவின்படி, 18 வயது நிறையாத ஒருவருக்கு மது தருபவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தகுதிபெற்ற மருத்துவரின் உத்தரவு ஒன்றே அதில் சொல்லப்பட்டிருக்கும் விலக்கு. பெற்றோருக்கென்று தனி விலக்கு கிடையாது. மது வாங்குவதற்கான வயது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 21, டெல்லியில் 25. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடை செய்கிறது.

சட்டம் எதைத் தண்டிப்பது என்பதைத்தான் தீர்மானிக்கிறது; உடலுக்கு எது நல்லது என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. உணவோடு குடிக்க 16 வயதில் அனுமதி தரும் அதே இங்கிலாந்தில், தலைமை மருத்துவ அதிகாரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மது இல்லாத பிள்ளைப் பருவமே சிறந்தது என்றும், 15 வயதுக்கு முன் அறவே கூடாது என்றும் சொன்னது. ஆஸ்திரேலியாவின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 18 வயது வரை வேண்டாம் என்கிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் ஓர் உணவகம் மறுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படி மறுக்கும் ஊழியரோடு பிள்ளையின் முன்னால் வாதாடுவதைப் போல மோசமான பாடம் வேறில்லை.

கேள்வி: வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் ஏறாது என்கிறார்கள். பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: ஏறும், மெதுவாக ஏறும். மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. உணவு இருந்தால் இரைப்பை அதை நிறுத்தி நிறுத்தி அனுப்புவதால், இரத்தத்தில் அதன் உச்ச அளவு குறைகிறது. மற்றபடி உணவு மதுவை விழுங்கிவிடுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 12 சதவீத ஒயின் 150 மில்லி லிட்டரில் சுமார் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லி லிட்டரில் சுமார் 13 கிராம், 42.8 சதவீத விஸ்கி 30 மில்லி லிட்டரில் சுமார் 10 கிராம். ஆகவே ‘பீர்தானே’ என்பது வெறும் சமாதானம். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் அந்த ஒயின் 80 கிலோ எடையுள்ள தந்தையின் இரத்தத்தில் ஏறக்குறைய 0.025 சதவீதத்துக்கு உயரும்; 45 கிலோ எடையுள்ள மகளின் இரத்தத்தில் ஏறக்குறைய 0.05 சதவீதத்தைத் தொடும். பல நாடுகளில் வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பே அதுதான். வளர்ந்த ஒருவரின் கல்லீரல்கூட மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் அகற்றும். அதோடு, விளைவுகளை எண்ணிப் பார்த்துத் தன்னைத் தடுத்துக்கொள்ள உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தந்தைக்கு ‘ஒன்றும் செய்யவில்லை’ என்பது மகளுக்குப் பொருந்தாது.

கேள்வி: 13 வயது மகள் தாத்தாவின் கோப்பையிலிருந்து ஒரு மிடறு கேட்கிறாள். மறுத்தால் ஆசை கூடிவிடாதா?

பதில்: ஒரு மிடறில் இருக்கும் ஆல்கஹால் ஏறக்குறைய ஒரு கிராம்தான்; அதனால் உடலுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் இன்று ஒரு மிடறு என்றால் அடுத்த பிறந்தநாளில் கால் கோப்பை என்று பேரம் நடக்கும், ஒவ்வொரு முறையும் எல்லையை நகர்த்துபவர் நீங்களாகவே இருப்பீர்கள். ‘உனக்கு வயது வந்த பிறகு’ என்று சிரித்த முகத்துடன், ஒரே வாக்கியத்தில் மறுத்துவிடலாம். மறுத்ததால் மட்டும் ஆசை முற்றிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்காக வருந்திக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஒயின் ஊற்றிச் சமைத்த குழம்பு, மது ஊறிய கேக், ஆல்கஹால் இல்லாத பீர் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குத் தரலாமா?

பதில்: அடுப்பில் வைத்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது பலரும் நம்பும் தவறான செய்தி. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, பரிமாறும்போது தீமூட்டிக் காட்டும் உணவில் 75 சதவீதம் அப்படியே இருக்கும். அரை மணி நேரம் கொதித்ததில் 35 சதவீதமும், இரண்டரை மணி நேரம் கொதித்ததில் 5 சதவீதமும் எஞ்சும். நெடுநேரம் கொதித்த குழம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடுப்பையே காணாமல் ரம்மில் ஊறிய இனிப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஆல்கஹால் இல்லாத பீரில் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். அந்த அளவைவிட, பீரின் சுவைக்கும் குவளைக்கும் பிள்ளை பழகிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: நாங்கள் இருவரும் எப்போதாவது வெளியே சாப்பிடும்போது குடிப்போம். பிள்ளைகள் உடன் வந்தால் அதையும் விட்டுவிட வேண்டுமா? அவர்களுக்கு மட்டும் மறுப்பது போலித்தனம் ஆகாதா?

பதில்: போலித்தனம் ஆகாது. கார் ஓட்டுவதிலிருந்து வாக்களிப்பது வரை வயது பார்த்துத் தரப்படும் உரிமைகள் பல. பிள்ளைகளுக்கு இது புரியும். அவர்கள் உற்றுக் கவனிப்பது நீங்கள் குடிக்கிறீர்களா என்பதைவிட, எதற்காகக் குடிக்கிறீர்கள், குடித்தபின் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான். இருக்கையில் சாய்ந்தபடி, “இன்றைக்கு அலுவலகத்தில் உயிரை எடுத்துவிட்டார்கள், முதலில் ஒன்று சொல்லுங்கள்” என்று தந்தை சொல்லும்போது, மன உளைச்சலுக்கு மருந்து எது என்று எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அதே தந்தை, “வேண்டாம், இன்று வண்டி ஓட்டுவது நான்” என்று சொல்லித் தண்ணீர் கேட்டால், அதுவும் அப்படியே மனத்தில் பதிகிறது.

நடைமுறையில் சில யோசனைகள் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் முடிவைப் பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மெனு அட்டை கைக்கு வந்த பிறகு, நான்கு பேர் பார்க்கச் சொன்னால் அது அவமானமாகிவிடும். கணவன் மனைவி இருவரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். உடன் வரும் சித்தப்பாவோ மாமாவோ, “ஒரு கோப்பைதானே, பையன் பெரியவனாகிவிட்டான்” என்று ஊற்ற வந்தால், மறுக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போடாமல் நீங்களே முந்திக்கொண்டு, “எங்கள் வீட்டில் 18 வரை கிடையாது” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். பிள்ளைக்கும் தனியாக ஒரு நல்ல பானம், அழகான கோப்பையில் வரட்டும். எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போது வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதுதான் அந்த வயதில் உண்மையில் உறுத்துவது.

கேள்வி: ஓராண்டாக 17 வயது மகனுக்கு எங்களோடு பீர் குடிக்க அனுமதி கொடுத்துவிட்டோம். இனி எப்படி நிறுத்துவது?

பதில்: நேரடியாகச் சொல்லி நிறுத்துங்கள். “நாங்கள் நினைத்தது சரியில்லை என்று இப்போது படுகிறது; உன் மீது குற்றமில்லை, முடிவை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்” என்று சொன்னால் போதும். அவன் கோபிப்பான், சில வாரங்களில் தணிந்துவிடும். அவன் வெளியே குடிக்கிறானா என்று விசாரணை நடத்தாமல், குடித்திருந்தாலும் எந்த நேரத்திலும் அழைத்தால் வந்து கூட்டிச் செல்வோம், அன்றிரவு திட்ட மாட்டோம் என்ற வாக்குறுதியையும் அதே பேச்சில் கொடுங்கள். கொடுத்த பிறகு அதைக் காப்பாற்றுங்கள்.

வலிப்பு நோய், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கு மருந்து எடுக்கும் பிள்ளையாக இருந்தால் மதுவோடு சேரும்போது மயக்கமும் ஆபத்தும் கூடும். அங்கே ‘கொஞ்சம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: குடும்ப விருந்தொன்றில் யாரும் கவனிக்காதபோது பெரியவர்களின் கோப்பைகளில் மீந்ததையெல்லாம் என் மருமகன், 14 வயதுப் பையன், குடித்துவிட்டான். தூங்கவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சரியா?

பதில்: தூங்கவிட்டு அறையைச் சாத்துவது மிகத் தவறு. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டேயிருக்கும். பிள்ளைகளுக்கு இரத்தத்தில் சர்க்கரையும் சட்டென்று இறங்கக்கூடும். எழுப்பினால் எழாதது, குழறல், தொடர் வாந்தி, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இரு மூச்சுகளுக்கிடையே பத்து விநாடிக்கும் மேற்பட்ட இடைவெளி, உதடு நீலம் பூப்பது, உடல் சில்லிடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து அருகிலேயே இருங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காபி தராதீர்கள், குளிர்ந்த நீரில் குளிக்க வைக்காதீர்கள். மருத்துவமனையில் என்ன குடித்தான், ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மாத்திரை ஏதும் விழுங்கினானா என்பதையும் கேட்டறிந்து சொல்லுங்கள்.