நேரம் எங்கே போகிறது? ஆங்கில வாசிப்புத் தாள்: வாசகர் கேள்வி பதில்

மூவெட் (மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு), ஐயெல்ட்ஸ் (அனைத்துலக ஆங்கிலத் தேர்வு), எஸ்.பி.எம். (படிவம் ஐந்தின் இறுதித் தேர்வு) ஆகியவற்றின் ஆங்கில வாசிப்புத் தாள் பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மகன் படிவம் ஆறில் படிக்கிறான். மூவெட் வாசிப்புத் தாளில் கடைசி ஏழெட்டுக் கேள்விகளைப் படிக்காமலேயே விடைத்தாளில் ஏதோ ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வருகிறான். நிமிடத்துக்கு 1,000 சொல் படிக்கக் கற்றுத் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தோம். சேர்த்துவிடலாமா? (ஒரு தாய், செந்தூல்)

வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தில் நாலு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களே கட்டுரை நூல்களை மனத்துக்குள் படிக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 238 சொல்தான் படிக்கிறார்கள். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறையக் கால் விநாடி நிற்கிறது, ஏழெட்டு எழுத்து தாவுகிறது, மறுபடி நிற்கிறது. கண் அசைவு ஆய்வாளர் கீத் ரேனரும் உடனாய்வாளர்களும் எழுதி 2016இல் வெளியான கட்டுரை வேக வாசிப்பு முறைகளை அலசிப் பார்த்தது. வேகம் கூடினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது என்பதே அதன் முடிவு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஐயெல்ட்ஸ் தாளில் மூன்று பத்திகளும் (பத்தி என்று இங்கே சொல்வது பல பாராக்கள் கொண்ட முழு வாசிப்புப் பகுதியை) சேர்ந்து அதிகம் போனால் 2,750 சொல். நிமிடத்துக்கு 150 சொல் என்று மெதுவாகப் படிப்பவருக்கும் 18 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் மிச்சமாவது ஒன்பது நிமிடம். அதே ஆள் விடை தேடும் சாக்கில் முழுப் பத்தியையும் இன்னும் இரண்டு தடவை படித்தால் 37 நிமிடம் போய்விடும். பெரும்பாலோருக்கு நேரம் போவது இந்த வழியில்தான். மூவெட்டுக்கும் இது பொருந்தும்.

மகனுக்கு ஒரு பழைய தாளைக் கொடுத்து, கண் மேலே திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரே வரியில் புள்ளிகள் குவிந்தால் அவனுக்குச் சொல்வளம் போதவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பத்தியின் தலைப்பிலிருந்தே தொடங்குகிறான் என்றால் சொல்லில் குறையில்லை, தேடும் முறையில்தான் கோளாறு. முதலாவதைச் சரிசெய்யப் பல மாதம் பிடிக்கும். இரண்டாவதை மூன்று, நான்கு வாரத்தில் திருத்திவிடலாம்.

நான் தாதி. பிரிட்டனில் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் வாசிப்பில் 7 வேண்டும். மூன்றாம் பத்தி ஒவ்வொரு தடவையும் பாதியில் நிற்கிறது. ‘ஸ்கிம் பண்ணு (மேலோட்டமாகப் படி), ஸ்கேன் பண்ணு (விடையைத் தேடு)’ என்கிறார்கள். உண்மையில் என்னதான் செய்யவேண்டும்? (பாயான் லெப்பாஸ்)

அகாடமிக் தாளில் 40க்கு ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். அதாவது பத்து கேள்வி தவறலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

பத்திகள் போகப் போகக் கடினமாகும். ஆகவே 20 நிமிடம் வீதம் சமமாகப் பிரிக்காமல் 17, 19, 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு நிமிடம் விடுபட்டதை நிரப்ப. காகிதத் தேர்வு என்றால் விடைகளை நேரே விடைத்தாளிலேயே எழுதுங்கள்; விடைகளை மாற்றி எழுதக் கேட்டல் தாளில் கிடைக்கும் பத்து நிமிடம் வாசிப்பில் கிடையாது.

முதல் இரண்டு நிமிடம் மேலோட்ட வாசிப்பு. தலைப்பு, முதல் பாரா முழுவதும், அடுத்து ஒவ்வொரு பாராவின் முதல் வாக்கியம், கடைசிப் பாராவின் கடைசி வாக்கியம். ஒவ்வொரு பாராவுக்குப் பக்கத்திலும் இரண்டு சொல் குறிப்பு: ‘பழைய முறை’, ‘செலவு’, ‘எதிர்ப்பு’ என்று தமிழிலேயே எழுதலாம், யாரும் திருத்தப் போவதில்லை. இதில் ஒரு பொறி உண்டு. பாராவின் முதல் வாக்கியம் கேள்வியாக இருந்தால், அல்லது ‘நெடுங்காலமாக இப்படி நம்பப்பட்டது’ என்று தொடங்கினால், கருத்து அங்கே இல்லை. ‘பட்’ அல்லது ‘ஹவ்எவர்’ வரும் இடம்வரை படியுங்கள்.

பிறகு கேள்விகள். கொடுத்த வரிசையில்தான் செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாராவுக்குத் தலைப்பு பொருத்தும் கேள்வி இருந்தால், அதை மேலோட்ட வாசிப்போடு சேர்த்து முடித்துவிடுங்கள். அடுத்து ட்ரூ–ஃபால்ஸ்–நாட் கிவன் (சரி, தவறு, தகவல் இல்லை), வாக்கியம் நிரப்புதல் போன்றவை. இவற்றின் விடைகள் பொதுவாகப் பத்தியில் கேள்வி வரிசையிலேயே வரும். மூன்றாம் விடை கிடைத்த இடத்துக்குக் கீழேதான் நான்காவதைத் தேடவேண்டும். ‘எந்தப் பாராவில் இந்தத் தகவல் உள்ளது’ என்ற வகைக்கு வரிசை கிடையாது. அதைக் கடைசியில் வைத்தால் பத்தி அதற்குள் பழகியிருக்கும்.

தேடும்போது எதைத் தேடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேள்வியில் உள்ள சாதாரணச் சொல் பத்தியில் அப்படியே இருக்காது. ‘சில்ட்ரன்’ அங்கே ‘த யங்’ ஆகியிருக்கும், ‘செலவு குறைந்தது’ என்பது ‘மலிவானது’ ஆகியிருக்கும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு, எண் ஆகியவை பெரும்பாலும் மாறுவதில்லை. முதலில் அவற்றைப் பிடித்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே முன்னும் பின்னும் இரண்டு வாக்கியத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அவசரமெல்லாம் தேடும் வரைக்கும்தான். ஒன்றரை நிமிடத்தில் கிடைக்கவில்லையா, ஊகித்து எழுதி, பக்கத்தில் குறியிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று கட்டளை இருக்கும்போது மூன்று சொல் எழுதினால் அந்த விடை போச்சு. எழுத்துப்பிழையும் அப்படித்தான். பத்தியில் உள்ள சொல்லைப் பார்த்து எழுதும் இடத்திலேயே மதிப்பெண்ணை இழப்பது வீண்.

‘ஃபால்ஸ்’, ‘நாட் கிவன்’ இரண்டுக்கும் வித்தியாசமே பிடிபடவில்லை. (கல்லூரி மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

இப்படி ஒரு வரி பத்தியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘நாங்கள் பேசிய அங்காடி வியாபாரிகளில் பெரும்பாலோர் கடையைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்கள், ஆனால் தங்கள் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பியவர்கள் சிலரே.’

கூற்று ஒன்று: ‘பெரும்பாலான வியாபாரிகள் பிள்ளைகள் தொழிலைத் தொடர விரும்பினர்.’ பத்தி சிலரே என்கிறது, கூற்று பெரும்பாலோர் என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆகவே ஃபால்ஸ்.

கூற்று இரண்டு: ‘வியாபாரிகளின் பிள்ளைகள் அலுவலக வேலையை விரும்புகின்றனர்.’ நடைமுறையில் இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்தி பெற்றோரின் விருப்பத்தைத்தான் பேசுகிறது. பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நாட் கிவன்.

‘பத்தியில் உள்ள எந்தச் சொல் இதை மறுக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லின்மேல் விரல் வைக்க முடிந்தால் ஃபால்ஸ், முடியாவிட்டால் நாட் கிவன். ‘ஆல்’, ‘மோஸ்ட்’, ‘ஒன்லி’, ‘மே’, ‘நெவர்’ போன்ற சின்னச் சொற்களைக் கேள்வியில் வட்டமிட்டுவிட்டுத்தான் பத்திக்குப் போகவேண்டும். நாட் கிவனை ருசுப்படுத்துவதற்காக முழுப் பத்தியையும் திரும்பப் படிப்பவர்கள் உண்டு. முன் கேள்விக்கும் பின் கேள்விக்கும் விடை கிடைத்த இடங்களுக்கு நடுவில் பார்த்தால் போதும்.

மூவெட் 75 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? ஐந்தாம் பகுதியில் எப்போதும் இரண்டு மூன்று போய்விடுகிறது. (படிவம் ஆறு மாணவி, பட்டர்வொர்த்)

2021இல் வந்த புதிய அமைப்பில் ஏழு பகுதி, 40 கேள்வி. முதல் மூன்று பகுதிகளின் 14 கேள்விகளை 20 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நான்காம் பகுதிக்கு 12, ஐந்தாவதற்கு 13, கடைசி இரண்டு நீண்ட பத்திகளுக்கும் சேர்த்து 25. மிஞ்சும் ஐந்து நிமிடம் விடைத்தாளில் கறுப்பாக்கியதைச் சரிபார்க்க. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த கேள்வியின் விடையை அதன் வரிசையில் கறுப்பாக்கினால், அதற்குப் பின் வருவதெல்லாம் இடம் மாறிவிடும்.

ஐந்தாம் பகுதி, பத்தியில் விடுபட்ட இடங்களில் கொடுத்த வாக்கியங்களைப் பொருத்துவது. அதில் ஒன்று தவறினால் இரண்டு தவறும். தப்பான இடத்தில் உட்கார்ந்த வாக்கியம் இன்னோர் இடத்துக்குரியதாயிற்றே. அதனால் ஒன்று, இரண்டு என்று வரிசையாக நிரப்பாதீர்கள். முதலில் இடைவெளிகளைப் பொருட்படுத்தாமல் பத்தியை ஒரு தடவை ஓட்டிப் படியுங்கள். பிறகு கொடுத்த வாக்கியங்களில் ‘தீஸ்’, ‘தே’, ‘இட்’, ‘சச்’, ‘அனதர்’ போன்றவற்றைக் கோடிடுங்கள். ‘தீஸ் சேஞ்சஸ்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அதற்கு முன்வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ‘அனதர்’ என்றால் முதலாவது ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். உறுதியானவற்றை முதலில் வையுங்கள். மிச்சம் தானாகச் சுருங்கும். பலர் இடைவெளிக்கு முன்வரியை மட்டும் பார்க்கிறார்கள். பின்வரியில் உள்ள ‘ஹீ’ யாரைச் சுட்டுகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தின் (1119) முதல் தாளில் நேரம் போதுகிறது, ஆனால் தெரியாத சொல் வந்தால் அப்படியே நின்றுவிடுகிறேன். (படிவம் 5, புக்கிட் மெர்த்தாஜாம்)

ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்வி, நேரம் தாராளம்தான். தெரியாத சொல்லைப் பார்த்ததும் கேட்கவேண்டியது ஒன்றே: எந்தக் கேள்வியாவது இந்த வரியைத் தொடுகிறதா? இல்லையென்றால் தாண்டிவிடுங்கள். தொடுகிறதென்றால், அது நல்லதைச் சொல்கிறதா கெட்டதைச் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதுவே போதும். பக்கத்திலேயே விளக்கம் இருக்கலாம். ‘டிரெட்ஜிங்’ என்று ஒரு சொல், ஒரு காற்புள்ளி, பிறகு ‘ஆர்’ (அல்லது), பிறகு கடலடி மணலை அள்ளுவது என்று இருந்தால், பொருளை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாதவை ஆறுக்குள் இருந்தால் தனியாகப் படித்துப் புரிந்துகொள்ளலாம். 15க்கு மேல் போனால் எந்த உத்தியும் கைகொடுக்காது, சொல் சேர்க்கத்தான் வேண்டும். ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அதிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வசதி: அனாலிசிஸ், கொன்செப், கொந்தெக்ஸ், ஸ்த்ருக்துர், சிக்னிஃபிகான் என்று மலாய்ப் பாடநூலில் தினம் பார்ப்பவற்றின் ஆங்கில வடிவங்களே பட்டியலின் முதல் பிரிவில் இருக்கின்றன. மலாய் தெரிந்தவருக்கு எழுத்து வடிவம் மட்டுமே புதிது.

விரலால் தொட்டுப் படிக்கலாமா? மனத்துக்குள் உச்சரிப்பது தப்பா? (கெப்போங்)

விரலோ பென்சிலோ தாராளமாக வைக்கலாம். வரி மாறாமல் இருக்கும். மனத்துக்குள் ஒலிப்பதை அடக்க முயலாதீர்கள், புரிதல்தான் கெடும். உதடு அசைவதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கிப் பார்ப்பதும் மட்டும் நேரத்தைத் தின்னும். எளிய பத்திகளை நிறையப் படித்தால் அவை தாமாகக் குறையும்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது? (ஒரு தந்தை, ஜார்ஜ்டவுன்)

வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். தெரியாத சொல்லே இல்லாத, 500 முதல் 600 சொல் கொண்ட பத்தி. படிவம் மூன்று அளவுக் கதை நூலாக இருந்தாலும் பரவாயில்லை. வேகப் பயிற்சிக்குக் கடினமான பத்தியை எடுப்பதுதான் வழக்கமான தப்பு. அது சொல் பயிற்சியாகிவிடும். கைப்பேசியில் நேரம் பார்த்துப் படிக்கட்டும், பிறகு பத்தியைப் பார்க்காமல் பத்துக் கேள்விக்கு விடை சொல்லட்டும். 560 சொல்லை நான்கு நிமிடத்தில் முடித்தால் நிமிடத்துக்கு 140. இந்த எண்ணையும் சரியான விடைகளையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்தும் சரியென்றால் அடுத்த தடவை இன்னும் வேகமாகப் போகலாம். ஏழு, எட்டு என்றால் வேகம் சரியாக இருக்கிறது. ஏழுக்குக் கீழே போனால் மெதுவாகட்டும்.

மற்ற நாளில் ஒரு நாள் ஆங்கில நாளிதழின் கருத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை; பாராவுக்கு இரண்டு சொல் குறிப்பு மட்டும். பழைய தேர்வுத் தாள்களை இப்போதே தீர்த்துவிடாதீர்கள். கடைசி மூன்று வாரத்துக்கு வைத்திருந்து, முழுத் தாளாக, முழு நேரம் வைத்து, விடைத்தாளில் கறுப்பாக்குவது உட்படச் செய்யச் சொல்லுங்கள்.