ஹெல்மெட்டுக்குள் என்ன அணிவது? வியர்வை, வெயில்: கேள்வி பதில்

கேள்வி: அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தாலே வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. தலையில் எதைப் போட்டால் வியர்வை நிற்கும்?

பதில்: வியர்வை நிற்காது, நிற்கவும் கூடாது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துவிடும். சொட்டி விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. ஆகவே தலைத்துணிக்கு இரண்டு வேலைதான்: வியர்வையை மெல்லிசாகப் பரப்பிக் காற்றில் காயவிடுவது, மிச்சத்தைக் கண்ணுக்கு விடாமல் காதோரம் திருப்புவது.

கண் எரிச்சல் மட்டுமே தொல்லை என்றால் ஹெட்பேண்ட் போதும். துணிப் பட்டை ஊறும்வரை தாங்கும். நிறைந்ததும் மொத்தமாகக் கொட்டும். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு உள்பக்கம் சிலிக்கோன் வரப்பு வைத்த பட்டை நல்லது. வயல் வரப்பு மாதிரி அது தண்ணீரை இரண்டு பொட்டுப் பக்கமும் தள்ளிவிடும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். இடையில் முடி சிக்கினால் அந்த வழியே ஒழுகும்.

எதை உள்ளே போட்டாலும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹெல்மெட்டின் பின்பக்க டயலை மறுபடி திருப்பிச் சரிசெய்யுங்கள். துணியோடு ஓர் அளவு, துணி இல்லாமல் ஓர் அளவு.

கேள்வி: சாதாரண விளையாட்டுத் தொப்பியை ஹெல்மெட்டுக்குள் போடலாமா?

பதில்: கூடாது. விழுந்தால் உச்சியில் இருக்கும் பொத்தான் மண்டையில் அழுந்தும். தடித்த தையலும் முன்னே நீளும் விறைப்பான முகப்பும் ஹெல்மெட்டைத் தூக்கிப் பின்னால் சாய்த்துவிடும், நெற்றி திறந்து கிடக்கும். சைக்கிளுக்கென்றே தைத்த தொப்பியில் துணி மெல்லியது, பொத்தான் கிடையாது, முகப்பு குட்டையாக மேலே மடக்கும்படி இருக்கும். குனிந்து ஓட்டும்போது நீண்ட முகப்பு சாலையை மறைக்கும். அண்ணாந்து பார்த்தே ஓட்டிக் கழுத்து வலி வரும்.

கேள்வி: எனக்கு வழுக்கை. ஹெல்மெட் துளைகள் வழியாக வெயில் பட்டு உச்சந்தலை வரி வரியாகக் கருக்கிறது.

பதில்: உங்களுக்கு ஹெட்பேண்ட் பயன்படாது. தலை முழுவதும் மூடும், முகப்பில்லாத மெல்லிய குல்லா வாங்குங்கள். துணியின் வெயில் காப்பைச் சொல்லும் அளவு யுபிஎஃப். யுபிஎஃப் 50 என்றால் புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும். ஆனால் துணியை இழுத்தால் இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி விரிந்து அந்தக் காப்பு குறையும். எனவே தலைக்குச் சிறியதை இழுத்து மாட்டாதீர்கள். வாங்கும்போது கையில் லேசாக இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக ஒளி தெரிந்தால் வேண்டாம்.

காதும் பின்கழுத்தும் குல்லாவுக்கு வெளியேதான் இருக்கும். அங்கே சன்ஸ்கிரீன், கிளம்ப 15 நிமிடம் முன்பே, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நெற்றிக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு கலந்த குச்சி வகை. மற்றவை வியர்வையோடு வழிந்து கண்ணைக் கூடுதலாக எரிக்கும்.

கேள்வி: பருத்திக் கைக்குட்டையை நனைத்துக் கட்டினால் வரும் குளிர்ச்சி எதிலும் இல்லை. பாலியெஸ்டர் எல்லாம் வெறும் விளம்பரம்தானே?

பதில்: பாதி சரி. பருத்தி இழையே தண்ணீரைக் குடிக்கும். சாதாரண அறைக் காற்றில்கூட அதன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் இருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் பருத்தி மெதுவாகக் காயும். வறண்ட வெயிலில் அது நல்லதுதான், நெடுநேரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். புழுக்கமான காற்றில் ஆவியாக வழியில்லை. ஈரத்துணி துளைகளை அடைத்துக்கொண்டு தலையில் கனக்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் புறஊதாக் கதிரையும் கூடுதலாக விடும்.

கேள்வி: இடையில் வருகிறேன். வறண்ட வெயிலில் பாலியெஸ்டர் சீக்கிரம் காய்ந்து சுடுகிறதே?

பதில்: உண்மை. அங்கே 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். குடிக்க வைத்த தண்ணீரில் அல்ல, தனியாக எடுத்துப் போங்கள். மெல்லிய மெரினோ கம்பளியும் பொருந்தும்: தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, நாற்றமும் குறைவு.

கேள்வி: அப்படியானால் நான் சொன்ன பருத்திதான் சரி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: உங்கள் காற்று வறண்டதாக இருந்தால் சரி. எல்லாருக்கும் அதையே சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். நீங்களே சோதிக்கலாம். இரண்டு துணிகளையும் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, சமையல் தராசில் நிறுத்துங்கள். 15 நிமிடம் மின்விசிறி முன் தொங்கவிட்டு மறுபடி நிறுத்துங்கள். வறண்ட நாளில் ஒருமுறை, புழுக்கமான நாளில் ஒருமுறை. இழை என்ன என்பதைவிடத் துணியின் தடிமன் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று தெரியும். கைக்குட்டையை நான்காக மடித்துக் கட்டுகிறீர்கள் என்றால் சிக்கல் பருத்தியில் இல்லை, மடிப்பில்தான். முடிச்சையும் கவனியுங்கள். அது டயலுக்கு அடியில் சிக்கினால் அரை மணியில் தலைவலி. பிடரிக்குக் கீழே இறக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: ஹெட்பேண்ட் நல்லதா, தொப்பி நல்லதா?

பதில்: முதல் பதிலையும் மூன்றாவது பதிலையும் படியுங்கள்.

கேள்வி: கழுத்திலும் தலையிலும் மாட்டும் குழாய் வடிவத் துணியான பஃப் போடலாமா?

பதில்: ஒற்றை அடுக்காக. முறுக்கி இரட்டையாக்கினால் சூடு. டயலைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: முக்காடு போட்டுத்தான் ஓட்டுவேன். என்ன செய்யலாம்?

பதில்: நீட்சியுள்ள ஒற்றைத் துணியில் தைத்தது, தாடைக்கீழ் வாருக்குள் சுருக்கம் விழாத அளவு. ஊசி ஒன்றுகூட வேண்டாம். ஹெல்மெட்டுக்கு அடியில் ஊசி ஆபத்து. தொங்கும் முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு துவைத்தாலும் தொப்பியில் நாற்றமும் வெள்ளை உப்புத் தடமும்.

பதில்: ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் அலசுங்கள், வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். இழைமேல் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. ஹெல்மெட்டின் உள் ஸ்பாஞ்சுகளையும் கழற்றி மென்சோப்பு நீரில் கசக்கி நிழலில் உலர்த்துங்கள். நாற்றம் பெரும்பாலும் அங்கேதான். ஹெல்மெட்டை அடைத்த காருக்குள் வெயிலில் விடாதீர்கள், உள்நுரை சூட்டில் கெடும்.

கேள்வி: தொப்பி போட்டால் ஹெல்மெட் இறுகுகிறது. ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டுப் போடலாமா?

பதில்: கூடாது. இதற்குத்தான் திரும்பத் திரும்ப டயல் என்கிறேன். துணியைப் போட்டு, டயலை முழுதாகத் தளர்த்தி, ஹெல்மெட்டைப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே மட்டமாக வையுங்கள். பிறகு டயலை இறுக்குங்கள். வாரை மாட்டாமலே தலையை ஆட்டிப் பாருங்கள், நகரக் கூடாது. அதன்பின் வாரை மாட்டுங்கள், தாடைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். டயலை முழுதாகத் தளர்த்தியும் வலித்தால் மெல்லிய துணிக்கு மாறுங்கள், அல்லது ஓர் அளவு பெரிய ஹெல்மெட் எடுங்கள்.