கடல் பட்டாம்பூச்சி, கடல் தேவதை இரண்டும் நத்தைகளா? ஓடே இல்லாததை எப்படி நத்தை வகையில் சேர்க்கிறார்கள்?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் எம்.எஸ்ஸி. விலங்கியல், வைவா (வாய்மொழித் தேர்வு) நெருங்குகிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். இந்த ஓடு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பதில். இரண்டும் நத்தைதான். தரையில் ஊர்வதற்கான பாதம் இவற்றில் இரண்டு சிறகுகளாக மாறியிருக்கிறது, அதை அடித்துத்தான் நீந்துகின்றன. ஓடு உள்ளது தீக்கோசோமேட்டா, அதாவது கடல் பட்டாம்பூச்சி. ஓடு இல்லாதது ஜிம்னோசோமேட்டா, கடல் தேவதை. தேவதைக்கும் லார்வாப் பருவத்தில் ஓடு உண்டு, அப்புறம் உதிர்த்துவிடும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பட்டாம்பூச்சி சளியால் வலை விரித்து, அதில் ஒட்டுகிற நுண்ணுயிர்களைத் தின்கிற சாது. தேவதையின் சாப்பாடே அந்தப் பட்டாம்பூச்சிதான். குளிர்கடலில் வாழும் கிளையோனி என்ற தேவதை, தலையிலிருந்து ஆறு கூம்புகளை நீட்டி லிமசினா என்ற பட்டாம்பூச்சியைக் கவ்வி, கொக்கிகளை உள்ளே விட்டு ஓட்டிலிருந்து சதையை முழுசாக உருவிவிடும்.

வகைப்பாடு என்று போனால் ஒரே குளறுபடி. 1804-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இவற்றுக்கு டெரோபோடா என்று பெயர் வைத்துத் தனிப் பிரிவாகவே நிறுத்தினார். 1880-களில், சேலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பல் முன்பு கொண்டுவந்த மாதிரிகளைப் பார்த்த பெல்ஜிய விலங்கியலாளர் பெல்சனீர், இவை நத்தைகள்தான், ஆனால் இரண்டு கூட்டமும் வேறு வேறு மூதாதையரிடமிருந்து வந்தவை என்றார். பாடப்புத்தகங்கள் வெகுகாலம் அவர் பேச்சைத்தான் கேட்டன. 2006-இல் வந்த மரபணு ஆய்வும், 2020-இல் வந்த இன்னும் பெரிய ஆய்வும் இரண்டையும் மறுபடி ஒரே வரிசையில் (ஆர்டர்) சேர்த்துவிட்டன. நெருங்கிய சொந்தம் கடல் முயல்கள் என்ற கடல் நத்தைகள். ஹெட்டரோபாட் என்று ஒரு கூட்டமும் நீந்துகிறதே என்று யாராவது கமெண்டில் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அதுவும் நத்தைதான், ஆனால் முற்றிலும் வேறு கிளை.

இப்போது என் கணக்கு. நான் வேலூர். எங்கள் ஊரில் ஒரு பெண் அறிவியல் படித்தால் நர்ஸ், இல்லாவிட்டால் லேப் டெக்னீஷியன். நான் நத்தை படிக்கிறேன் என்றதும் பெரியம்மா வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. கடல் 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சென்னையில் படித்த சித்தி பையன் பிளாங்டன் (கடலில் மிதக்கும் சிற்றுயிர்கள்) வலை இழுக்கிறவர்களோடு படகில் போவான். அவன்தான் ஒருநாள் காட்பாடியில் இறங்கி, “அக்கா, உள்ள ஊசி ஊசியா கெடக்கு, பாரு” என்று ஒரு பாட்டிலை நீட்டினான். கிரெசீஸ், ஒரு கடல் பட்டாம்பூச்சி. கண்ணாடி ஊசி மாதிரி ஓடு, அதன் வாயில் இரண்டு சிறகு.

பிரச்சினை, மாதிரி கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினில் ஆரம்பித்தது. நாளாக ஆக அது ஃபார்மிக் அமிலமாகும். இவற்றின் ஓடு அரகொனைட், அதாவது எளிதில் கரைகிற வகைச் சுண்ணாம்பு. அதனால் போராக்ஸ் போட்டு அமிலத்தை முறிக்க வேண்டும். துறையில் கேட்டேன். “அதெல்லாம் ஸ்டாக்ல இல்லம்மா, சும்மா ஊத்தி வை, ஒண்ணும் ஆகாது.” மூன்று செமஸ்டராக லேப் ஃபீஸ் வாங்கிய கல்லூரி இது, பெயர் வேண்டாம். லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வெங்காரம் கேட்டேன். அதுதான் போராக்ஸ். “வாய்ப்புண்ணுக்கா பாப்பா?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்து, ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் மாதிரியைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பார்த்தது துறையின் பெரிய பாட்டிலை. ஓடெல்லாம் கரைந்து வெறும் சதை கிடந்தது. “ஓடு எங்கம்மா? இது ஜிம்னோசோமேட்டா. தப்பா எழுதியிருக்கீங்க.” அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “வேலூர்ல உக்காந்துகிட்டு கடல் எதுக்கு? பாலாத்துல ஏதாவது எடுத்திருக்கலாமே.” எல்லோரும் சிரித்தார்கள்.

பாலாற்றில் எதை எடுப்பது? மணலையே அள்ளியாகிவிட்டது. மிச்சத்தில் தோல் பதனிடும் கழிவு. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது, ஆற்றில் தண்ணீர் ஓடுவது அவ்வளவு அதிசயம். சரி, அதை விடுங்கள்.

“சார், ஓடு கரைஞ்சிருக்கு” என்று சொல்லிப் பையிலிருந்து குப்பியை எடுத்தேன். லென்ஸில் ஊசிகள் அப்படியே இருந்தன. ஓடு இல்லாத சதையிலும் வாய் இரண்டு சிறகுகளுக்கும் நடுவில் இருப்பதைக் காட்டினேன். தேவதைக்குத் தலை தனியாகத் தெரியும், சிறகு அதற்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக முளைக்கும், வாய்க்குள் கொக்கிகள் இருக்கும். அவர் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, “ம்ம், அடுத்த கேள்வி” என்றார். பெருமை பேசுகிறாள் என்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். உங்கள் கேள்விக்கான பதிலே அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது: ஓடு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், வாயையும் சிறகையும் பாருங்கள்.

கடல்நீரில் கரியமில வாயு கூடினாலும் ஓடு இதே மாதிரி கரையும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நூற்றாண்டின் கடைசியில் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட நீரில் உயிருள்ள கிளையோ பிரமிடேட்டா என்ற பட்டாம்பூச்சியை (தேவதையான கிளையோனி வேறு) விட்டார்கள். 48 மணி நேரத்தில் ஓடு அரிக்கத் தொடங்கிவிட்டது. வைவாவில் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

வெங்காரத்தை இன்றே வாங்கிப் பாட்டிலில் போடுங்கள். ஆய்வேட்டில் டெரோபோடா வரிசை என்றே எழுதுங்கள். உங்கள் கைடு பழைய ஆளாக இருந்து ஓபிஸ்தோபிராங்கியா என்ற பழைய பிரிவுப் பெயரும் வேண்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். கையெழுத்து வாங்குகிற வரைக்கும் அவரோடு சண்டை வேண்டாம்.