வீட்டில் வருகிற விடை, இன்டர்வியூவில் மட்டும் எங்கே போகிறது?

கேள்வி: அக்கா, எனக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். கோவையில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஓர் ஆன்லைன் இன்டர்வியூ. எண்கள் வரிசை ஒன்றைக் கொடுத்து, எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று கண்டுபிடிக்க கோட் எழுதச் சொன்னார்கள். வீட்டில் எத்தனையோ முறை போட்டதுதான். அன்றைக்கு ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சின்ன கோட்) எழுதக்கூடக் கை வரவில்லை. விரலெல்லாம் சில்லிட்டு, வாய் உலர்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்டர்வியூ முடிந்த கொஞ்ச நேரத்தில் விடை முழுசாக வந்துவிட்டது. "உனக்கு இதெல்லாம் சரிப்படாது, தோட்டத்தைப் பார்த்துக்கோ" என்கிறார் சித்தப்பா. நிஜமாகவே எனக்குத் திறமை இல்லையா? அதே கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: இன்டர்வியூ முடிந்ததும் விடை வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரியாத பாடம் லேப்டாப்பை மூடியதும் தெரிந்துவிடுமா என்ன? சித்தப்பாவிடம் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

மனிதருக்குப் பதற்றத்தை வரவழைத்து ஆராய வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் 1993-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாத குழுவின் முன்னால் நின்று, வேலை கேட்டு வந்தவர் மாதிரி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்புறம் 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்; தப்பினால் மறுபடி 1022. பதற்றத்தில் சுரக்கிற கார்டிசால் என்கிற ஹார்மோன் ஏறிவிடும். இன்றைக்கும் பல நாடுகளில் இதே சோதனையைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களை உட்காரவைத்த இடமும் கிட்டத்தட்ட அதுதான், கோட் எழுதுவது மட்டும் கூடுதல்.

2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 கம்ப்யூட்டர் மாணவர்களை வைத்து இதையே பார்த்தார்கள். ஒரு பிரிவினர், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கியபடியே பலகையில் கணக்கைப் போட வேண்டும். இன்னொரு பிரிவினருக்குத் தனி அறை. ஒருவர் பார்க்க எழுதியவர்கள் வாங்கிய மதிப்பெண், தனியாக எழுதியவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. தனி அறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் சரியாக முடித்தார்கள். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூட முடிக்கவில்லை. கலந்துகொண்ட பெண்கள் சொற்பம் என்பதால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மனசு ஒரே நேரத்தில் வைத்துப் புரட்டக்கூடியது கொஞ்சம் விஷயம்தான். அந்த இடத்தை "ஐயோ, நேரம் போகுதே" என்பதும், இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதும் பிடித்துக்கொண்டால் ஃபார் லூப்புக்கு இடம் ஏது? அதனால் கொஞ்சத்தை மனசிலிருந்து இறக்கித் திரையில் வைத்துவிட வேண்டும்.

நான் குன்னூரிலிருந்தபடி எங்கள் கம்பெனிக்காகப் பல வருஷமாக ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இருப்பவர் மௌனமாகிவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது. யோசிக்கிறாரா, லைன் கட்டா, எதுவும் புரியாது. மதிப்பெண் போடக் கையில் ஏதாவது வேண்டும். எனவே கேள்வி வந்ததும் உடனே கோட் எழுத இறங்காதீர்கள். முதலில் கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு ஒரு குட்டி உதாரணத்தைத் தட்டுங்கள்: 3, 8, 5, 11, வேண்டிய தொகை 16. விடை 5, 11 என்று கண்ணாலேயே தெரிகிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லுங்கள்: ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தேன். அதுதான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப். மட்டமான விடையாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். "இது மெதுவாக ஓடும், ஆயிரம் எண் இருந்தால் ஐந்து லட்சம் ஜோடி வரை பார்க்க வேண்டிவரும்" என்று நீங்களே சொல்லிவிட்டால் எனக்குப் பாதி திருப்தி. இதற்குள் விரல் நடுக்கம் அடங்கியிருக்கும். 11-ல் நிற்கும்போது எனக்கு வேண்டியது 5, அதை ஏற்கெனவே பார்த்தேனா என்கிற கேள்வி தானாக வரும். பார்த்ததையெல்லாம், எந்த எண் இருக்கிறது என்று கேட்டதும் சொல்லிவிடுகிற ஒரு டிக்‌ஷனரியில் போட்டுக்கொண்டே போனால் ஒரே லூப்பில் வேலை முடிந்தது.

இதைத் தனியாக அறையில் உட்கார்ந்து பழகிப் பயனில்லை. அடுப்படியில் பாடுகிறவர் மேடையில் பாட வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் பாடித்தான் பழக வேண்டும். கேட்பவருக்குக் கோடிங் தெரிய வேண்டும் என்று அவசியமே இல்லை. சித்தப்பாவை எதிரில் உட்காரவைத்து, சிரிக்கக் கூடாது, "ம்" கொட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அது சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன். முதலில் தமிழிலேயே விளக்குங்கள். தமிழில் தடுமாறாமல் வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்கிற ஆங்கில வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் நம் ஊர் சங்கதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் கரண்டும் சிக்னலும் என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால் ஆரம்பித்ததுமே, "இங்கே மழை, லைன் போனால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கவலை ஒழியும். கோவையில் நேரில் வரச் சொன்னால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வரைக்கும் வளைவு வளைவாகச் சுற்றி, வயிற்றைப் புரட்டுகிற பஸ்ஸிலிருந்து நேராகப் போய் உட்கார்ந்தால் கணக்கு எங்கே ஓடும்?

இன்டர்வியூ இல்லாத நாளிலும் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416-க்கும் பேசலாம், அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

அதே கம்பெனிக்குத் தாராளமாக மறுபடி போடலாம். பல இடங்களில் ஆறு மாதமாவது கழித்து வரச் சொல்வார்கள்; உங்களுக்கு வந்த மெயிலில் போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு அவ்வளவாக ஆசையில்லாத இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு முதலில் போட்டு, அங்கே போய் உளறிவிட்டு வாருங்கள்.