டபிள்யூபிஎஃப் பைண்டிங்: லட்சம் ஏன் மில்லியன் ஆகிறது?

விண்டோஸ் ஆப்களின் திரைகளைக் கட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூபிஎஃப்-இல், திரையையும் டேட்டாவையும் இணைக்கும் பைண்டிங் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. திரைக்கு டேட்டா தரும் கிளாஸான வியூமாடலில் இருக்கும் டேட்டா டைப் ஒன்று, திரையில் உள்ள கன்ட்ரோல் கேட்பது வேறொன்று. நடுவில் யார் மாற்றுவது?

கேள்வி: விண்டோஸில் ரீஜன் இந்தியா என்றுதான் இருக்கிறது. இருந்தும் பில் தொகை 12,34,567 என்று வராமல் 1,234,567 என்று வருகிறது. தேதியிலும் மாதம் முன்னால் நிற்கிறது. கோடில் டூஸ்ட்ரிங் போட்டு எழுத்தாக மாற்றினால் ஒழுங்காக வருகிறது. எங்கே தப்பு சார்?

தப்பு உங்களுடையது இல்லை. 2006-இல் டாட்நெட் 3.0-உடன் டபிள்யூபிஎஃப் வந்த நாளிலிருந்து இருக்கும் சங்கதி இது. பைண்டிங் உங்கள் கரண்ட்கல்ச்சரை, அதாவது விண்டோஸ் ரீஜனிலிருந்து ஆப் எடுத்துக்கொள்ளும் மொழி, எண், தேதி வழக்கத்தை, பார்ப்பதே இல்லை. அந்தக் கன்ட்ரோலின் லாங்குவேஜ் ப்ராப்பர்ட்டியைத்தான் பார்க்கும். அதன் டீஃபால்ட் அமெரிக்க ஆங்கிலம். ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்ற நீங்கள் எழுதும் கன்வர்ட்டருக்குக் கடைசி பாராமீட்டராக வரும் கல்ச்சரும் அதேதான்.

ஆப் ஸ்டார்ட்டப்பில், எந்த விண்டோவும் திறப்பதற்கு முன், ஃப்ரேம்வொர்க்எலிமென்ட்டின் லாங்குவேஜ்ப்ராப்பர்ட்டிக்கு மெட்டாடேட்டாவை (அதன் டீஃபால்ட் இருக்கும் இடம்) ஓவர்ரைடு செய்து, கரண்ட்கல்ச்சரின் மொழியைக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு முறைதான். இரண்டாம் முறை செய்தால் எக்ஸப்ஷன் வரும். டெக்ஸ்ட்பிளாக்குக்குள் ரன் (வரியின் ஒரு துண்டு எழுத்து) வைத்துப் பைண்ட் செய்திருந்தால் அது ஃப்ரேம்வொர்க்எலிமென்ட் வம்சம் இல்லை, ரன்னுக்குத் தனியாக ஓவர்ரைடு செய்ய வேண்டும். அப்புறம், கன்ட்ரோல் பேனலில் தேதி வடிவத்தைத் தன் இஷ்டப்படி மாற்றி வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. இந்த வழியில் மொழியின் பெயர் மட்டும்தான் போகிறது, அவர்கள் மாற்றியது போகாது. அதுவும் வேண்டுமென்றால் அந்தந்தப் பைண்டிங்கில் கன்வர்ட்டர்கல்ச்சர் என்று கரண்ட்கல்ச்சரையே கொடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: எண், தேதி எப்படித் தெரிய வேண்டும் என்று பைண்டிங்கில் சொல்லும் ஸ்ட்ரிங்ஃபார்மேட், டெக்ஸ்ட்பிளாக்கில் வேலை செய்கிறது, லேபிளில் கண்டுகொள்ளப்படுவதே இல்லையே?

லேபிளின் கன்டென்ட் ஸ்ட்ரிங் இல்லை, ஆப்ஜெக்ட். சேரும் இடம் ஸ்ட்ரிங்காக இருந்தால்தான் ஸ்ட்ரிங்ஃபார்மேட் செல்லும். லேபிளுக்கு கன்டென்ட்ஸ்ட்ரிங்ஃபார்மேட் இருக்கிறது.

கேள்வி: விலைப் பெட்டியில் 12.5 அடிக்க முடியவில்லை. புள்ளி வைத்த உடனே அது மறைந்துவிடுகிறது. ப்ராப்பர்ட்டி டபுள் (தசம எண்).

பெட்டியில் அடித்தது வியூமாடலுக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லும் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கரை ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு என்று வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பைண்டிங் ஓடுகிறது. "12." என்பது 12 ஆகி வியூமாடலுக்குப் போய், "12" என்று பெட்டிக்கே திரும்பி வந்து, உங்கள் புள்ளியை அழித்துவிடுகிறது. டாட்நெட் 4.5-க்கு முன் இப்படி இல்லை.

அந்த ட்ரிக்கரை எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. டெக்ஸ்ட்பாக்ஸின் டீஃபால்ட் லாஸ்ட்ஃபோகஸ், அதாவது பெட்டியை விட்டு நகரும்போதுதான் போகும்; விலைக்கு அது போதும். டிலே 500 (மில்லிவிநாடி) என்று போடலாம் என்பார்கள். புள்ளி வைத்துவிட்டு அரை விநாடி யோசித்தால் மறுபடியும் போய்விடும். கண்டிப்பாக அடிக்க அடிக்க மாற வேண்டுமா? ஃப்ரேம்வொர்க்கம்பாட்டிபிலிட்டிப்ரெஃபரன்சஸ் கிளாஸில் கீப்டெக்ஸ்ட்பாக்ஸ்டிஸ்ப்ளே என்று தொடங்கும் நீளமான பெயரில் ஒரு பூலியன் இருக்கிறது, அதை ஃபால்ஸ் ஆக்கினால் பழைய நடத்தை திரும்பிவிடும்.

கேள்வி: அளவுப் பெட்டியைக் காலி செய்தால் சிவப்புக் கட்டம் வருகிறது. கன்வர்ட்டர் எழுதவா?

வேண்டாம். காலி ஸ்ட்ரிங்கை இன்ட் (முழு எண்) ஆக்க முடியாது, அதனால்தான் சிவக்கிறது. ப்ராப்பர்ட்டியை நல்லபிள் இன்ட் (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய இன்ட்) ஆக்கி, பைண்டிங்கின் டார்கெட்நல்வேல்யூவுக்குக் காலி ஸ்ட்ரிங் கொடுங்கள். காலி என்றால் பூஜ்யமா, இன்னும் நிரப்பவில்லையா என்பதை வியூமாடல் முடிவு செய்யட்டும். நான் ஒருமுறை வரிக் கணக்கையே கன்வர்ட்டருக்குள் வைத்தேன். திரையில் வரியோடு ஒரு தொகை, நேராக வியூமாடலிலிருந்து அச்சான பில்லில் வரியில்லாத தொகை. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

கேள்வி: தப்பான பைண்டிங்கை எல்லாம் அவுட்புட் விண்டோவில் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிப் போகும் டபிள்யூபிஎஃப், என் கன்வர்ட்டரில் பிழை வந்தால் மட்டும் ஆப்பையே சாய்த்துவிடுகிறதே?

ஆமாம், கன்வர்ட்டர் வீசும் எக்ஸப்ஷனை பைண்டிங் பிடிக்காது. மதிப்பு சரியில்லையென்றால் டிபென்டன்சிப்ராப்பர்ட்டி.அன்செட்வேல்யூவைத் திருப்பி அனுப்புங்கள்; பைண்டிங்கில் ஃபால்பேக்வேல்யூ என்று மாற்று மதிப்பு கொடுத்திருந்தால் அது தெரியும். திரையில் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்றால் பைண்டிங்.டூநத்திங்கை அனுப்புங்கள். ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) டைப்பை ரேடியோ பட்டன்களோடு கட்டும்போது, திரையிலிருந்து வியூமாடலுக்குத் திரும்பும் கன்வர்ட்பேக்கில் டூநத்திங் அவசியம்: தேர்வு நீங்கிய பட்டன் ஃபால்ஸ் அனுப்பும், அதற்கு டூநத்திங் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: கன்வர்ட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கன்வர்ட்டர்பாராமீட்டரைப் பைண்ட் செய்ய முடியுமா அண்ணா? பல மதிப்புகளை ஒரே கன்வர்ட்டருக்குத் தரும் மல்டிபைண்டிங்கும் பார்த்தேன், டெக்ஸ்ட் காலியாக வருகிறது.

முடியாது தம்பி, அது பைண்ட் செய்யக்கூடிய டிபென்டன்சி ப்ராப்பர்ட்டி இல்லை. மல்டிபைண்டிங் சரியான வழிதான். உன் கன்வர்ட்டர் டபுளைத் திருப்பி அனுப்புகிறது என்று நினைக்கிறேன். சாதாரண பைண்டிங் போல அது தானாக ஸ்ட்ரிங் ஆக்கித் தராது. கடைசி வரியில் டூஸ்ட்ரிங் போட்டுப் பார், கல்ச்சரையும் சேர்த்துக் கொடு.