3.5 டன் கேரவனுக்கு எஃப்-150 தேவையா?

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறோம், குடும்பத்தில் ஐந்து பேர். எங்கள் கேரவன் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) முழுச் சுமையோடு 3,500 கிலோ. ஃபோர்டு ரேஞ்சர் வி6 பிக்அப் போதுமா, அதைவிடப் பெரிய ஃபோர்டு எஃப்-150 வாங்க வேண்டுமா? இவ்வளவு பெரிய பிக்அப்களை அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே அனுப்புவது சரிதானா?

பதில்: எஃப்-150 விளம்பரத்தில் போடும் 4,500 கிலோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது இழுக்கும் திறன் மட்டுமே. அதற்கே 70 மி.மீ. டோபால் (கேரவனை மாட்டும் உருண்டை) வேண்டும், 50 மி.மீ. டோபால் என்றால் 3,500 கிலோதான் எல்லை. பெரும்பாலானவர்கள் சிக்குவது சுமக்கும் திறனில், அதாவது பேலோடில்.

கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 350 கிலோ, டோபார் (வண்டியின் பின்புற இணைப்புச் சட்டம்) மேல் இறங்கும். அது வண்டியின் பேலோடில் சேரும். எஃப்-150 மாடலின் பேலோட் 800 கிலோ என்று வைத்தால் மிச்சம் 450. ஐந்து பேருக்கு 350 போனால், புல்பார் (முன்பக்கப் பாதுகாப்புச் சட்டம்), கேனோபி (பின்பெட்டி மூடி), ஃப்ரிட்ஜ், சாமான் எல்லாவற்றுக்கும் 100 கிலோதான்.

ரேஞ்சர் வி6-இல் வண்டியும் கேரவனும் சேர்ந்து 6,400 கிலோவைத் தாண்டக்கூடாது. கேரவன் போக 2,900; வண்டியின் சொந்த எடை ஏறக்குறைய 2,350; மிச்சம் 550 (டோபார் மேல் இறங்கும் 350 கேரவன் எடையிலேயே அடங்கிவிட்டது). எஃப்-150-இல் மிஞ்சியது 450. காகிதக் கணக்கில் சிறிய வண்டிதான் கூடுதலாகச் சுமக்கிறது!

அப்படியானால் எஃப்-150-க்குப் பயனே இல்லையா? இருக்கிறது. அதன் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 3,694 மி.மீ., ரேஞ்சருக்கு 3,270. நீளமும் எடையும் கூடின வண்டியைக் கேரவன் எளிதில் ஆட்டாது. பக்கக் காற்றிலும் ஹைவேயில் லாரி கடக்கும்போதும் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் நீளம் 5.9 மீட்டர். வழக்கமான பார்க்கிங் கட்டம் 5.4 மீட்டர்தான்.

ஏற்றுமதி பற்றி: எஃப்-150 அமெரிக்காவில் இடப்பக்க ஸ்டியரிங்கோடுதான் தயாராகிறது. 2023 முதல் மெல்போர்ன் அருகே மிக்கலமில் ஆர்எம்ஏ நிறுவனம் வலப்பக்கத்துக்கு மாற்றுகிறது. மற்றப் பெரிய பிக்அப்களான ராம், சில்வராடோ, டன்ட்ராவுக்கு வாக்கின்ஷா நிறுவனம் அதைச் செய்கிறது. டேஷ்போர்டு, ஸ்டியரிங் ரேக், ஒயரிங் எல்லாம் மாறுவதால் விலை ஏறுகிறது. அந்த மாற்று பாகங்கள் அமெரிக்கக் கேட்டலாக்கில் கிடைக்காது. விபத்தில் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். கனமான கேரவன் இழுக்கும் ஆஸ்திரேலியாவுக்கு இந்த ஏற்றுமதி நியாயமானது. நகரத்தில் ஓட்ட மட்டும் என்றால் வீண். தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வரும் ரேஞ்சர் சூப்பர் டியூட்டிதான் என் பார்வையில் மேலான வழி: 4,500 கிலோ இழுக்கும், கேரவனோடு சேர்ந்து 8,000 கிலோ வரை அனுமதி.

வாங்குமுன் குடும்பம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய இப்போதைய வண்டியையும் கேரவனையும் எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். முதலில் வண்டியைத் தனியாக, பிறகு கேரவனை மாட்டி, பின் அச்சின் எடையைத் தனியே எடுங்கள். டோபால் மேல் இறங்கும் எடையையும் அளந்துகொள்ளுங்கள். ஏற்றியவற்றின் எடையையும் (தனியாக எடுத்த எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவது) டோபால் எடையையும் கூட்டி, வாங்கப்போகும் மாடலின் பேலோடோடு ஒப்பிடுங்கள். 100 கிலோகூட மிஞ்சவில்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.