பாடகர் வந்து போன பிறகு எங்கள் பிள்ளைகளின் சோற்றுக்கு யார் தருவார்?

கேள்வி: அக்கா, வடமராட்சியில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான சிறிய இல்லமொன்றின் செயலாளர் நான். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சேர்க்கும் காசில்தான் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் பாதி போகும். போன வருசம் இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்தது. இந்த முறை ஒன்றே பாதியில் நிற்கிறது. பெரிய பள்ளிக்கூடமொன்றின் பழைய மாணவர்கள் தென்னிந்தியப் பாடகரைக் கூட்டி வந்து மண்டபத்துக்குக் காசு சேர்த்தார்கள். அதே கிழமை ஒரு குழந்தையின் சத்திரசிகிச்சைக்கு யூரியூப்பில் வேண்டுகோள். யாரிடம் போனாலும் “போன கிழமைதானே குடுத்தனான்” என்கிறார்கள். நாங்களும் ஒரு நடிகரைப் பிடிக்க வேண்டுமா? அந்தக் குழந்தைக்குக் காசு போனதைப் பார்த்து எரிச்சல்பட்டேன். அது பாவமா?

பதில்: அன்புத் தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பாவமில்லை. விடிந்தால் பிள்ளைகளுக்கு உலை வைக்க வேண்டியவருக்கு அந்த எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் குழந்தையின் தாய் உங்கள் பாத்திரத்திலிருந்து அள்ளிக்கொண்டு போகவில்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பிரித்தானியாவில் ஆறு பெரிய பேரிடர் வேண்டுகோள்களின்போது மக்கள் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். மொத்தக் கொடை கூடியிருந்தது. மற்ற அமைப்புகளுக்கான கொடை அதனால் அழிந்துபோகவில்லை, கொடுக்கும் காலம்தான் சற்று இடம்மாறியது. “போன கிழமைதானே குடுத்தனான்” என்றவர் அடுத்த கிழமை தரமாட்டார். தைப்பொங்கலுக்குக் கேட்டால் தரக்கூடும். நீங்கள் வருசத்தில் ஒரே மாதத்தை நம்பி இருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போட்டியே இல்லை என்று சொல்ல வரவில்லை. மனிதரின் கவனத்துக்குப் போட்டி உண்டு, அது கடுமையானது. அதைப் புரிந்துகொண்டுதான் பிரித்தானியத் தொண்டு நிறுவனங்கள் 1963இல் பேரிடர்களுக்கென்று ஒரு கூட்டுக்குழு அமைத்தன. தனித்தனியாகக் கதவு தட்டாமல் ஒரே வேண்டுகோள், வந்ததைப் பங்கிடுவது. 2004 ஆழிப்பேரலைக்கு மட்டும் அந்தக் குழுவிடம் 39 கோடி பவுணுக்கு மேல் சேர்ந்தது. அதே நேரம் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு, போர்க்காலத்தில் உங்கள் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வேலை செய்த அதே அமைப்பு, சில நாள்களிலேயே “இதற்குப் போதிய காசு வந்துவிட்டது, மற்ற இடங்களுக்குச் செலவிட அனுமதியுங்கள்” என்று கொடையாளரிடம் கேட்டது. போதும் என்று சொன்ன அந்த வாய்க்கு நான் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன்.

இனி நடிகர் விசயம். நட்சத்திரங்களால் ஆவதே இல்லை என்று எப்படிச் சொல்வேன், தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை கண்ணெதிரே நிற்கும்போது? 2011இல் ஒரு குழுவினர் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள் நடந்து அதற்குக் காசு சேர்த்தார்கள். 2016இல் அதே ஆக்கள் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்த்தன அதற்கு முன்னின்றார். அந்த நடைக்கு ஒரு முடிவு இருந்தது. கட்டடம் எழும்பும், பெயர்ப்பலகை ஏறும், வந்தவர் மனநிறைவோடு வீடு போகலாம். உங்கள் இல்லத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டும் அம்மாவின் மாதச் சம்பளத்துக்கு அப்படி முடிவு ஏது? அடுத்த மாதமும் அதே சம்பளம். பிரபலமான முகம் ஒருநாள் வேலைக்கு உதவும், தினப்பாட்டுக்கு உதவாது. இல்லத்துக்குக் கூரை போட வேண்டி வந்தால் பாடகரைத் தேடுங்கள், நானும் கூட வருகிறேன். அரிசிக்குத் தேடாதீர்கள். மேடை, ஒலிபெருக்கி, விமானச் சீட்டு, விடுதி என்று முதலில் நீங்கள்தான் கடன்படுவீர்கள், ரிக்கெட் விற்காவிட்டால் அது பிள்ளைகளின் தலையில் விழும்.

தினப்பாட்டுக்கு நம்மிடம் வேறு வழி இருந்தது. என் அம்மா உலையில் அரிசி போடமுன் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, கதவுக்குப் பின்னால் இருந்த பிஸ்கற் ரின்னுக்குள் போடுவார். பிடியரிசி. மாசக் கடைசியில் மடத்திலிருந்து ஒருவர் பையோடு வருவார். அம்மா ரின்னைக் கவிழ்த்து அடியில் தட்டுவார், அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தார் என்று அம்மாவுக்கே தெரியாது. 1876–77 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி வைத்தபோதும் நாளாந்தம் அடுப்பெரிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வேலைக்கு மறக்காமல் தருகிற சின்னக் கைகள்தான் வேண்டும்.

ஆகவே மாதம் ஆயிரம் ரூபா, ஒரு நாள் மதியச் சாப்பாடு, பிறந்தநாள், திவசம் என்று கேளுங்கள். அந்தப் பழைய மாணவர் சங்கத்தோடும் போய்க் கதையுங்கள். அடுத்த வருசம் எந்தக் கிழமை நிகழ்ச்சி வைக்கிறார்கள் என்று கேட்டு, உங்கள் கிழமையைத் தள்ளி வையுங்கள். மண்டப வாசலில் உங்களுக்கொரு மேசை தரவும் கூடும். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். யூரியூப்காரர் கமராவோடு வந்தால் பிள்ளைகளின் முகத்தைக் காட்ட விடாதீர்கள். எவ்வளவு காசு வந்தாலும் வேண்டாம். அழுகிற ஒற்றை முகம் கையை இளக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டும்.

போன வருசம் முடிந்த இரண்டு புத்தகங்களின் அடிக்கட்டைகள் அலுமாரியில் இருக்கும்தானே? தந்தவர்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்கு யாராவது ஒரு கடிதம் போட்டீர்களா? இந்தக் கிழமை பத்துப் பேருக்கு எழுதுங்கள். காசு கேட்க வேண்டாம். அவர்கள் தந்ததில் எத்தனை நாள் சமைத்தீர்கள், எந்தப் பிள்ளை இப்போது தானே கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.